தள்ளிவிட முடியாத மலைப்பாதை

பனிமலையில் ஏறிக்கொண்டிருந்தோம், நானும் பெயர் தெரியாத இன்னொருவரும். திரையில் செந்நிற அங்கி போர்த்திய இரண்டு உருவங்கள், அவ்வளவுதான். எதிர்க்காற்று, ஓர் அடி எடுத்து வைத்தால் அரை அடி பின்னுக்கு இழுத்தது. கழுத்தில் சுற்றிய நீண்ட துண்டில் மினுங்கும் எழுத்துகள்தாம் அந்த உலகத்தில் பறப்பதற்கான தெம்பு. குளிர் கூடக்கூடத் துண்டு உறைந்து, எழுத்துகள் ஒவ்வொன்றாக அணைந்தன. இருவரும் ஒட்டி நின்றால் மட்டும் அவை மீண்டும் ஒளிர்ந்தன. பேச வழியில்லை, எழுதிக் காட்டவும் வழியில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் மணியோசைபோல் ஒரு நாதம் எழும். நான் பின்தங்கியதைக் கவனித்தவர், அந்தக் காற்றிலும் திரும்பி இறங்கி வந்தார். என்னை உரசியபடி நின்று இரண்டு முறை ஒலித்தார். பிறகு சேர்ந்து ஏறினோம்.

‘ஜர்னி’ என்ற வீடியோ கேமில் நடந்தது இது. லாஸ் ஏஞ்சலிஸில் ‘தட்கேம்கம்பெனி’ என்ற சிறிய குழு உருவாக்கி, 2012 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3-க்கு வெளியிட்ட விளையாட்டு. பணம் போட்டது சோனி. எண்ணம் முழுக்க அந்தக் குழுவுடையது. ஒரே மூச்சில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நாம் நடந்துகொண்டிருக்கும்போதே, உலகின் வேறொரு மூலையில் அதே கட்டத்தில் இருக்கும் யாரோ ஒருவர் நம் பாலைவனத்துக்குள் வந்து சேருவார். அவர் பெயர் தெரியாது, நாடு தெரியாது, வயது தெரியாது. அவர் விலகிப்போனால் வேறொருவர் சத்தமில்லாமல் அந்த இடத்துக்கு வருவார். ஒரே துணை கடைசிவரை கூட வந்ததாக நினைத்துக்கொண்டிருப்போம். எல்லாம் முடிந்த பிறகு வரும் பட்டியலில் ஐந்தாறு பெயர்கள் இருக்கும்.

அந்த மலையில் இறங்கி வந்தவர் நல்ல மனிதர் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த விளையாட்டு உருவான கதையைப் படித்த பிறகு என் எண்ணம் வேறு திசைக்குப் போனது. அதன் இயக்குநர் ஜெனோவா சென் பேட்டிகளில் சொல்லியிருக்கும் செய்தி இது. ஆரம்ப வடிவத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோத முடிந்தது, தள்ள முடிந்தது. சோதித்துப் பார்க்க வந்தவர்கள் என்ன செய்தார்கள்? துணைக்கு வந்தவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். சென் மனம் நொந்து, குழந்தைகளின் மனவளர்ச்சியை அறிந்த ஓர் உளவியலாளரிடம் கேட்டிருக்கிறார். புதிய உலகத்துக்குள் வருகிறவர் பெரியவராக இருந்தாலும் கைக்குழந்தையைப் போலத்தான் நடந்துகொள்கிறார், எந்தச் செயலுக்குப் பெரிய எதிர்வினை கிடைக்கிறதோ அதையே திரும்பச் செய்கிறார் என்பது அவருக்குக் கிடைத்த விளக்கம். பள்ளத்தில் ஒருவர் விழுவதைக் காட்டிலும் பெரிய எதிர்வினை அந்த உலகத்தில் வேறில்லை. ஆகவே குழு மோதலையே எடுத்துவிட்டது. ஓர் உருவம் மற்றொன்றைத் தள்ள முடியாது. அதற்குப் பதிலாக, தொட்டால் இருவரின் துண்டிலும் ஒளி ஏறும் என்று வைத்தார்கள். அதே மனிதர்கள், அதே கைகள். ஒரு விதி மாறியதும் பள்ளத்தில் தள்ளிய கூட்டம் பனியில் ஒருவரை ஒருவர் தேடிப்போகும் கூட்டமாக மாறிவிட்டது.

பல ஆண்டுகளாக நான் விளையாடிவரும் பலர் சேர்ந்தாடும் கேம்களை எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இங்கே ஒருவர் மற்றவருக்கு என்ன செய்ய முடியும்? அறிமுகமில்லாதவர்களின் பண்பு, வயது, ஊர் இவற்றைப் பற்றிய புலம்பல்கள் ஏராளம். விளையாடுகிறவர்களைத் திட்டுவதற்கு முன்னால் அந்த உலகத்தின் விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். சிறிய குழுக்கள் இந்த விதிகளில்தான் தங்கள் முழுத் திறமையையும் காட்டியிருக்கின்றன. அதற்கு நல்ல மனம் மட்டும் காரணமில்லை, கணக்கும் ஒரு காரணம்.

போட்டி விளையாட்டுக்கு ஆட்கள் வேண்டும். நீங்கள் இரவு பத்து மணிக்கு ஓர் ஆட்டத்தைத் திறந்தால், உங்கள் திறமைக்கு ஏறத்தாழ நிகரான ஒன்பது பேர் அதே நேரத்தில், உங்கள் பகுதிக்கு அருகில் இருக்கும் சர்வரில், அதாவது எல்லோரையும் இணைத்து ஆட்டத்தை நடத்தும் கணினியில், காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் அவர்கள் கிடைக்காவிட்டால் நீங்கள் மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். நீங்கள் போனதால் அடுத்தவருக்கு ஓர் ஆள் குறையும். அப்படியே கூட்டம் கரையும். பெரிய நிறுவனங்களும் இதில் வீழ்ந்திருக்கின்றன. சோனி வெளியிட்ட ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23-இல் வந்து செப்டம்பர் 6-இல் நிறுத்தப்பட்டது; வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பல ஆண்டு உழைப்பு இரண்டே வாரத்தில் முடிந்தது. ஐந்து பேர் கொண்ட குழு இப்படி ஒரு சூதில் இறங்கவே முடியாது. நான்கு நண்பர்கள் சேர்ந்து இயந்திரத்தின் எதிரிகளோடு மோதும் கூட்டு விளையாட்டு என்றால் நிலைமை வேறு. அந்த நான்கு பேர் இருந்தால் போதும், உலகில் வேறு யாரும் விளையாட வேண்டியதில்லை. ஏமாற்றிச் சுடுகிறவர்களைப் பிடிக்கக் காவல் மென்பொருள் தேவையில்லை. நான்கு பேரில் ஒருவருடைய கணினியே சர்வராக இருந்துவிடலாம். சிறிய குழுக்கள் இந்த வழியை நாடியதற்கு இவைதாம் அடிப்படைக் காரணங்கள்.

இந்த வகையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ‘டீப் ராக் கேலக்டிக்’. கோபன்ஹேகனில் இருக்கும் ‘கோஸ்ட் ஷிப் கேம்ஸ்’ 2018-இல் முன்னோட்ட வடிவமாகக் கொடுத்து, 2020 மே மாதம் முழுமையாக வெளியிட்டது. குள்ள உருவச் சுரங்கத் தொழிலாளர்கள் நான்கு பேர், பூச்சிகள் நிறைந்த ஒரு கிரகத்துக்குள் இறங்கிக் கனிமம் வெட்டி வர வேண்டும். கேட்டால் எளிய கதை. ஆனால் அந்த நான்கு பேருக்கும் கொடுத்திருக்கும் கருவிகளைக் கூர்ந்து பாருங்கள். துளைப்பவர் பாறைக்குள் நேராகச் சுரங்கம் போட்டுவிடுவார். பொறியாளர் சுவரில் சிறு மேடைகளைச் சுட்டு ஒட்டுவார். பெருந்துப்பாக்கி ஏந்தியவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கயிற்றுப்பாதை போடுவார். சாரணர் கொக்கிக் கயிற்றால் எங்கும் தாவுவார். குகையையே பகலாக்கும் ஒளிக்குண்டும் அவரிடம்தான் இருக்கும்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். மிகப் பெரிய குகை. மேலே, எட்டாத உயரத்தில், கூரையை ஒட்டித் தங்கம் மின்னியது. நான் சாரணர். கொக்கியை வீசி அங்கே போய்விடலாம், ஆனால் நிற்க இடமில்லை. இரண்டு வெட்டு வெட்டுவதற்குள் விழுந்து சாவேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கத்தின்மேல் குறிவைத்து ஒரு பொத்தானை அழுத்தினேன், அந்த இடத்தில் ஓர் அடையாளம் தோன்றியது. கீழே எங்கிருந்தோ ஒரு சத்தம்; தங்கத்துக்கு நேர் கீழே மஞ்சள் நிற மேடை ஒன்று பொத்தென்று ஒட்டிக்கொண்டது. பொறியாளராக இருந்தவர் யார், எந்த நாட்டவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தாவி ஏறி நின்று வெட்டினேன். இருட்டில் அவர் கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஓர் ஒளிக்குண்டை மேலே சுட்டேன். ஒரு சொல் பேசாமல் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையை முடித்த அந்த நிறைவை வேறு எந்த விளையாட்டிலும் நான் அடைந்ததில்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் விதி இன்னும் முக்கியமானது. யார் வெட்டினாலும் அந்தத் தங்கம் நான்கு பேர் கணக்கிலும் முழுமையாகச் சேரும். பங்கு பிரிப்பது கிடையாது. என் கனிமத்தை நீ எடுத்துவிட்டாய் என்ற சண்டைக்கு இடமே இல்லை. மற்ற பல விளையாட்டுகளில் எதிரி விழுந்ததும் பொருளுக்கு நாலு பேரும் பாய்வதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாய்ச்சலை இங்கே ஒரே வரியில் இல்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆனால் ‘ஜர்னி’யைப் போல எல்லாத் தீமையையும் இவர்கள் அகற்றிவிடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்த இடம். தோட்டா தீர்ந்தால் ‘நைட்ரா’ என்ற சிவப்புக் கனிமத்தைச் செலவழித்து ஒரு பெட்டியை வரவழைக்கலாம். பெட்டியில் நான்கு பங்கு இருக்கும். ஒருவர் இரண்டு பங்கை எடுத்துக்கொள்வதை எதுவும் தடுக்காது. தடுக்காததால்தான் அங்கே ஒரு மரியாதை பிறந்திருக்கிறது. தன் பங்கை எடுத்துவிட்டுத் தள்ளி நிற்பவர்களையும், தோட்டா குறைவாக இருப்பவருக்குத் தன் பங்கை விட்டுக்கொடுத்து அதன்மேல் அடையாளம் காட்டுகிறவர்களையும் பார்க்கலாம். வேலை முடிந்ததும் திரும்பும் கலம் வந்து இறங்கும். கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரே ஒருவர் உள்ளே ஏறிவிட்டாலும் வெற்றிதான், மீதிப் பேர் குகையில் கிடக்கலாம். விதி அப்படித்தான் சொல்கிறது. இருந்தும், விழுந்து கிடக்கும் அந்நியரைத் தூக்கிவிட, கலத்தின் வாசலிலிருந்து திரும்ப இருட்டுக்குள் ஓடுகிறவர்களை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன், ஓடியும் இருக்கிறேன். நல்லது செய்ய ஒருவருக்கு இடம் வேண்டுமென்றால், செய்யாமல் விடவும் ஒரு சிறிய இடம் இருந்தாக வேண்டும். எவ்வளவு சிறிய இடம் என்பதை அளந்து வைப்பதில்தான் உருவாக்குகிறவரின் கைத்திறன் இருக்கிறது.

இன்னொன்றையும் பாராட்ட வேண்டும். சீசன் என்ற பெயரில் மூன்று மாதத்துக்குள் விளையாடி வாங்காவிட்டால் உடைகளும் அலங்காரங்களும் கைநழுவிப்போகும் என்று அச்சுறுத்துவது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. இந்த விளையாட்டில் சீசன் பரிசுகள் இலவசம். 2024-இல் பழைய சீசன்களையும் திறந்துவிட்டு, வேண்டியதைத் தேர்ந்து விளையாடிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். வேலை, குடும்பம் என்று ஆறு மாதம் ஒதுங்கியிருந்து திரும்பி வருகிறவரைத் தண்டிக்காத விளையாட்டு இது.

சொற்களுக்கும் இதே கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். ‘ராக்கெட் லீக்’ 2015 ஜூலையில் வந்தது; அப்போது சான் டியாகோவில் இருந்த ‘சையோனிக்ஸ்’ தனித்து இயங்கிய ஸ்டூடியோ, 2019-இல்தான் எபிக் நிறுவனம் அதை வாங்கியது. கார்கள் பறந்து பந்தடிக்கும் அந்த விளையாட்டின் அழகில் எனக்குக் குறையே இல்லை. தட்டச்சு செய்ய நேரமில்லாத வேகத்துக்காக முன்கூட்டியே எழுதிய வாக்கியங்களைப் பொத்தான்களில் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, கோலைத் தடுத்தவரைப் பாராட்டும் வாக்கியம். காலப்போக்கில் அது தலைகீழாகிவிட்டது: எளிய பந்தை ஒருவர் விட்டுவிட்டால் எதிரணியினர் அதே பாராட்டை மூன்று முறை அனுப்பி அவரைக் குத்துவார்கள். சொல் நல்ல சொல்தான். ஆனால் ஒருவர் தோற்றால் மற்றவர் வெல்லும் களத்தில் பாராட்டு ஈட்டியாகக் கூர்மை பெறுகிறது. ‘டீப் ராக்’கிலும் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் குள்ளர் குந்தாலியை உயர்த்தி “ராக் அண்ட் ஸ்டோன்!” என்று முழங்குவார். வணக்கம், நன்றி, மன்னிப்பு, கொண்டாட்டம் எல்லாம் அந்த ஒரு முழக்கத்தில் அடங்கிவிடும். ஒருவர் முழங்கினால் மற்ற மூவரும் பதிலுக்கு முழங்காமல் இருப்பது அரிது. எல்லோரும் ஒரே கலத்தில் திரும்ப வேண்டியவர்கள் என்பதால் அந்தச் சொல்லைத் திரித்து யாருக்கும் லாபமில்லை.

துரோகத்தையே விதியாக்கிய விளையாட்டு பற்றி என்ன சொல்வது? ‘அமங் அஸ்’ விளையாட்டை நம் வாசகர்கள் பலருக்கும் தெரியும்: விண்கலத்தில் சிறுசிறு வேலைகளைச் செய்யும் கூட்டத்துக்குள் சில வேடதாரிகள் ஒளிந்திருந்து மற்றவர்களைக் கொல்வார்கள். ‘இன்னர்ஸ்லாத்’ என்ற அமெரிக்கக் குழு 2018 ஜூனில் கைப்பேசிக்கு வெளியிட்டது. இரண்டு ஆண்டுகள் கவனிப்பாரில்லை. கொரோனாவால் உலகம் வீட்டுக்குள் அடைந்திருந்த 2020-இல், நேரலையில் விளையாடிக் காட்டுகிறவர்கள் கையில் எடுத்ததும் பற்றிக்கொண்டது. அந்தக் குழுவில் அப்போது மூன்றே பேர். ஆகஸ்டில் இரண்டாம் பாகத்தை அறிவித்தவர்கள், செப்டம்பரில் அதைக் கைவிட்டு, கையில் இருக்கும் விளையாட்டையே சீர்செய்யப் போகிறோம் என்றார்கள். புதுப் பெட்டியில் போட்டு இன்னொரு முறை விற்றிருக்கலாம், விற்கவில்லை. அந்த முடிவுக்காகவே அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

இந்த விளையாட்டின் மூல வடிவம், 1986-இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவீதவ் வகுத்த ‘மாஃபியா’ ஆட்டம். உண்மை தெரிந்த சிலர், தெரியாத பலர். பலரும் பேசிப்பேசி அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு இது புதிதல்ல. நோட்டுத்தாளைக் கிழித்து ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று எழுதி மடித்துப் போட்டு, திருடன் சீட்டு கிடைத்ததும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பாடுபட்ட பிள்ளைப் பருவம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அங்கே போலீஸ் படித்தது முகத்தை. ‘அமங் அஸ்’ முகத்தை மறைத்துவிட்டு நடமாட்டத்தைப் படிக்கச் சொன்னது. மின்கம்பிகளை இணைக்கும் இடத்தில் நின்றாரே, உண்மையில் இணைத்தாரா, நின்றுவிட்டுப் போனாரா? அட்டையை இழுக்கும் வேலையில் கொஞ்சம் வேகமாக இழுத்தாலும் மறுக்கும், மெதுவாக இழுத்தாலும் மறுக்கும். அங்கே தடுமாறிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்ற பதற்றம், அந்தச் சில்லறை வேலைக்கே ஒரு நாடகத்தைத் தந்துவிடுகிறது. நண்பர்களோடு விளையாடினால் இதற்கு ஈடில்லை. அந்நியர்களோடு என்றால் எனக்கு ஒருபோதும் சரிவரவில்லை. வேடதாரி வாய்ப்பு கிடைக்காதவர் அடுத்த நொடியே வெளியேறிவிடுவார். திருடன் சீட்டு வரவில்லை என்று எழுந்து ஓடுகிற பிள்ளையை அம்மா அதட்டி உட்கார வைப்பார்; இங்கே உட்கார வைக்க ஒரு விதியும் இல்லை. 2021-இல் மற்றவர்களுக்கும் புதிய வேடங்கள் கொடுத்தார்கள். அது பாதி மருந்து.

குரலையே விதியாக்கியது ‘லீதல் கம்பெனி’. ‘ஸீக்கர்ஸ்’ என்ற புனைபெயரில் இயங்கும் ஒரே ஒருவர் உருவாக்கி 2023 அக்டோபரில் வெளியிட்டார். கைவிடப்பட்ட கட்டடங்களுக்குள் புகுந்து பழைய இரும்பையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் பொறுக்கி, மூன்று நாள் கெடுவுக்குள் குறித்த தொகைக்கு விற்க வேண்டும். காட்சிகள் கரடுமுரடானவை. அதன் உயிரெல்லாம் ஒலியில் இருக்கிறது: நண்பர் அருகில் இருந்தால் குரல் தெளிவாகக் கேட்கும், விலக விலக மங்கும், சுவருக்கு அப்பால் முனகலாகும். ஒருநாள் திருச்சி நண்பன் அடுத்த அறையிலிருந்து, “இங்கே வாடா, பெரிய மணி ஒன்று கிடக்கிறது, இதை எடுத்தால்...” என்றான். வாக்கியம் முடியவில்லை. அலறலும் இல்லை. வெறும் அமைதி. இறந்துவிட்டவரின் குரல் உயிரோடிருப்பவருக்குக் கேட்காது என்ற அந்த ஒற்றை விதி, எத்தனை கோடி செலவழித்து வரைந்த அசுர உருவத்தைக் காட்டிலும் என்னை நடுங்க வைத்தது. ஒருவர் கலத்திலேயே தங்கி, வரைபடத்தைப் பார்த்துக் கதவுகளைத் திறந்து வழிகாட்டலாம் என்பதும் நல்ல ஏற்பாடு. பயந்தாங்கொள்ளி நண்பர்களுக்கும் அங்கே மதிப்பான வேலை உண்டு.

பண்ணை வைத்து, ஊர் மக்களோடு பழகி வாழும் ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. எரிக் பரோன் என்ற ஒருவர் சியாட்டிலில் நான்கரை ஆண்டு உட்கார்ந்து, படம், இசை, கதை, நிரல் அனைத்தையும் தாமே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. தனியாக விளையாடினால் அதைப்போல மனத்தை ஆற்றும் விளையாட்டு அபூர்வம். 2018-இல் கூட்டாக விளையாடும் வசதி வந்தது. நாங்கள் நான்கு பேர் ஒரு பண்ணையைத் தொடங்கினோம். ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். தனி ஆட்டத்தில் பெட்டியைத் திறந்தால் நேரம் நிற்கும், கூட்டாட்டத்தில் நிற்காது. ஒருவன் தண்ணீர் ஊற்ற, ஒருவன் சுரங்கத்துக்கு ஓட, ஒருவன் மீன் பிடிக்க, முதல் வசந்தம் முடிவதற்குள் எங்கள் பண்ணை ஆலையாகிவிட்டது. ஊர் மக்களோடு பேச யாருக்கும் நேரமில்லை. விளையாட்டின் உயிரே அந்த ஊர் மக்கள்தாம். ஆனாலும் ஒரு விதியை மறக்க மாட்டேன். எல்லோரும் படுக்கைக்குப் போனால்தான் நாள் முடியும். மூன்று பேர் படுத்துவிட்டு, கடற்கரையிலிருந்து ஓடி வரும் நான்காமவனுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் நாங்கள் உண்மையில் பேசிக்கொண்டோம்.

கடைசியாக ‘வால்ஹைம்’. சுவீடனில் ஷெவ்டே என்ற சிறு நகரம். அங்கே ‘அயர்ன் கேட்’ என்ற பெயரில் ஐந்து பேர் உருவாக்கி, 2021 பிப்ரவரி 2-இல் முன்னோட்ட வடிவமாக வெளியிட்டார்கள். ஒரே மாதத்தில் 50 லட்சம் பிரதிகள் விற்றன. மொத்த விளையாட்டும் ஏறத்தாழ ஒரு ஜிபிக்குள் அடங்கியது. ‘டீப் ராக்’கை வெளியிட்ட ‘காஃபி ஸ்டெயின்’ நிறுவனமே இதையும் வெளியிட்டது. அதுவும் அதே ஊர்தான். மரம் வெட்டி, வீடு கட்டி, செம்பும் இரும்பும் உருக்கி, படிப்படியாகக் கொடிய நிலங்களுக்குள் செல்லும் வைக்கிங் உலகம். தொலைவான இடங்களுக்கு நொடியில் போக மந்திர வாசல் கட்டலாம். ஆனால் உலோகத்தைச் சுமந்துகொண்டு அதில் நுழைய முடியாது. எவ்வளவு பேர் இதைக் குறை சொன்னார்கள்! பின்னர் 2023-இல், வேண்டாதவர்கள் இந்தத் தடையை நீக்கிக்கொள்ளும் வசதியையும் கொடுத்தார்கள். நாங்கள் நீக்கவில்லை. சதுப்பு நிலத்தில் தோண்டிய இரும்பைக் கப்பலில் ஏற்றி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பாய்மரத்தைச் சரித்து, இரவில் கடற்பாம்பு வருமோ என்று ஆளுக்கொரு திசையைக் காவல் காத்துக் கரை சேர்ந்த பயணங்கள்தாம் எங்கள் நினைவில் இருக்கின்றன. வாசலில் நுழைந்து வந்த நூறு முறைகளில் ஒன்றுகூட நினைவில்லை. வீட்டுக்கும் இப்படி ஒரு பொருள் கொடுத்திருக்கிறார்கள்: கூரைக்குக் கீழே நெருப்பருகில் சற்று உட்கார்ந்தால் உடலுக்குத் தெம்பு ஏறும், நாற்காலி, கம்பளம், மேசை என்று வசதி கூடக்கூடத் தெம்பு நீடிக்கும். புகை போகக் கூரையில் வழி விடாவிட்டால் மூச்சு முட்டும். எனவே எல்லோரும் வீடு கட்டுகிறார்கள், எல்லோரும் அந்த நெருப்புக்கே திரும்பி வருகிறார்கள்.

தொலைவும் இங்கே ஒரு விதிதான், அதை எழுதியது இயற்பியல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்ப 29 மில்லிநொடிக்குக் குறையாது. மேற்கு ஐரோப்பா 7,500 கிலோமீட்டருக்கு அப்பால். நேர்க்கோட்டில் கேபிள் போகாததால் நடைமுறையில் அந்தக் கணக்கு 75 மில்லிநொடியிலிருந்து 130, 150 என்று ஏறிவிடும். யார் முதலில் சுட்டார் என்பதில் உயிர் போகும் போட்டி விளையாட்டில் இது பெரிய குறை. நம் பக்கத்தில் சர்வர் இல்லாத விளையாட்டுகளில் எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் திறமையற்றவர்கள் என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து மெதுவாக வீடு கட்டும் உலகத்தில் அந்தத் தாமதம் உறுத்தாது. ‘வால்ஹைம்’ இதை வேறு விதமாகவும் கையாள்கிறது: ஓர் இடத்துக்கு முதலில் போய்ச் சேருபவரின் கணினிதான் அங்கே உள்ள விலங்குகளின் நடமாட்டத்தைக் கணக்கிடும். எங்கள் குழுவில் இணைய வேகம் குறைந்த நண்பன் முன்னால் ஓடிவிட்டால், மற்றவர்களுக்கு எதிரே வரும் அசுரன் நின்று நின்று குதிப்பான். “நீ கொஞ்சம் பின்னால் வா” என்று அவனிடம் சொல்லப் பழகிக்கொண்டோம்.

இவை அனைத்தையும் தாங்கி நிற்பது, உலகம் யார் கையில் இருக்கிறது என்ற விஷயம். யூபிசாஃப்ட் 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் பந்தயம், தனியாக ஓட்டினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருந்தால்தான் இயங்கும். 2024 மார்ச் 31-இல் சர்வரை அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் விளையாட்டு அன்றோடு முடிந்தது. அதைத் தொடர்ந்து எழுந்த ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தின் மனு, 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. நிறுவனம் தன் ஆதரவை நிறுத்தும்போதாவது, வாங்கியவர்கள் தாங்களே தொடர்ந்து விளையாட ஒரு வழியை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்பது. நியாயமான கோரிக்கை. சிறிய குழுக்கள் பல, யாரும் கேட்காமலே இதைச் செய்திருக்கின்றன. ‘ஸ்டார்டியூ’ பண்ணை என் கணினியில் ஒரு கோப்பு. ‘வால்ஹைம்’ உலகமும் அப்படித்தான்; உருவாக்கியவர்கள் நாளை கடையை மூடினாலும் அது திறக்கும்.

எங்கள் உலகம் திருச்சி நண்பனின் கணினியில் இருக்கிறது. ஒருவன் சிங்கப்பூருக்குப் போனான், ஒருவனுக்குக் குழந்தை பிறந்தது, இரண்டு ஆண்டுகள் யாரும் அதைத் திறக்கவில்லை. போன பொங்கல் விடுமுறையில் திறந்தோம். யாரும் உள்ளே இல்லாதபோது அந்த உலகத்தில் நேரம் ஓடாது. கப்பல் கட்டிய இடத்திலேயே மிதந்தது. பெட்டியில் பாதி உருக்கிய இரும்பு இருந்தது. கூடத்துக்குள் நுழைந்தால், கடைசி இரவில் நாங்கள் விட்டுப்போன நெருப்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் நண்பன் ஒன்றும் பேசாமல் போய் இரண்டு விறகு வைத்தான். மற்ற மூவரும் சுற்றி உட்கார்ந்தோம்.